‘என்று’ தொலைந்த வாக்கியம்: ‘ஸ்னீக்கர்ஸ்’ படத்தை முன்வைத்து

ஹேக்கர்களைப் பற்றிய திரைப்படங்களுக்கென்று ஒரு சடங்கு உண்டு. இருட்டறை, பச்சை எழுத்துகள் வழியும் திரை, விசைப்பலகையை வெறியோடு தட்டும் ஓர் இளைஞன், இறுதியில் ‘உள்ளே நுழைந்துவிட்டேன்’ என்னும் அறிவிப்பு. 1992 செப்டம்பரில் வெளிவந்த ‘ஸ்னீக்கர்ஸ்’ இந்தச் சடங்கைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்ட படம். ஃபில் ஆல்டன் ராபின்சன் இயக்கிய இந்தக் கொள்ளைப் படத்தில் திறக்கப்படும் பூட்டுகளில் பல, பேச்சாலும் செவியாலும் திறக்கப்படுகின்றன. கணினியியல் நண்பர்கள் இதைத் தங்கள் துறையின் படமாகக் கொண்டாடுகிறார்கள். மொழியியல் படித்தவள் என்ற முறையில் அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று உரிமை கோரவே இந்தப் பதிவு. கதையின் முடிச்சுகளை எல்லாம் அவிழ்க்கப் போகிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்ட படம் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

கதை எளியது. 1969இல் இரண்டு கல்லூரி மாணவர்கள் கணினி வழியே பிறர் கணக்குகளிலிருந்து பணத்தை எடுத்துத் தங்களுக்குப் பிடித்த அரசியல் இயக்கங்களுக்கு அனுப்பி விளையாடுகிறார்கள். ஒருவன் பீட்சா வாங்க வெளியே போன நேரத்தில் காவலர்கள் வந்து மற்றவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தப்பியவன் பெயரை மாற்றிக்கொண்டு மார்ட்டின் பிஷப் ஆகிறான். நடுவயதில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறு குழுவை நடத்துகிறான். வங்கிகள் தங்கள் பாதுகாப்பைச் சோதிப்பதற்காக இவர்களுக்குக் கூலி கொடுத்துத் தங்களிடமே திருடச் சொல்கின்றன. பிஷப்பாக ராபர்ட் ரெட்ஃபோர்ட். உளவுத்துறையிலிருந்து வெளியேற்றப்பட்டவராக சிட்னி பொய்ட்டியர், எதிலும் சதியைக் காணும் கருவி வல்லுநராக டான் அய்க்ராய்ட், அனைவருக்கும் இளையவனாக ரிவர் ஃபீனிக்ஸ், பார்வையற்ற ஒலி வல்லுநர் விஸ்லராக டேவிட் ஸ்ட்ரேத்தேர்ன். பழைய நண்பன் காஸ்மோவாகவும் எதிரியாகவும் பென் கிங்ஸ்லி. உலகின் எந்தச் சங்கேதத்தையும் உடைக்கவல்ல ஒரு சிறு பெட்டியை இவர்கள் ஒரு முறை திருடுகிறார்கள். பிறகு பறிகொடுத்து மறுபடியும் திருடுகிறார்கள். துப்பாக்கிகள் இருந்தாலும் படத்தின் மனநிலை என்னவோ விடுமுறை நாளின் மனநிலைதான்.

இந்தக் குதூகலத்துக்குப் பின்னால் கணிசமான உழைப்பும் இருக்கிறது. திரைக்கதையில் ராபின்சனுடன் பங்கேற்ற லாரன்ஸ் லாஸ்கரும் வால்டர் பார்க்ஸும் 1983இல் வந்த ‘வார்கேம்ஸ்’ படத்தை எழுதியவர்கள். அந்தப் படத்துக்காகத் தகவல் திரட்டியபோதே இந்தக் கதையின் விதையும் கிடைத்தது. பெட்டியை உருவாக்கும் கணிதவியலாளர் நிகழ்த்தும் உரைக்கான சொற்களையும் படவில்லைகளையும் தந்தவர் லெனர்ட் ஏடில்மன். இன்று இணையத்தில் நாம் நம்பியிருக்கும் ஆர்.எஸ்.ஏ. மறையாக்க முறையின் மூன்றாம் எழுத்து அவருடைய பெயரிலிருந்து வந்தது. தம் மனைவி ராபர்ட் ரெட்ஃபோர்டைச் சந்திக்க வேண்டும் என்பதே அந்த வேலைக்கு அவர் கேட்ட கைம்மாறு. அறிவுலகத்தின் ஊதிய வரலாற்றில் இதைவிட நேர்மையான ஒப்பந்தம் அரிது.

இனி பூட்டுகளுக்கு வருவோம்.

அந்தச் சர்வவல்லமைப் பெட்டி தொலைபேசியில் வரும் செய்திகளைப் பதிவுசெய்யும் சாதாரணக் கருவியின் வேடத்தில் மேசைமேல் இருக்கிறது. பேச்சைச் சேமிக்கும் கூட்டுக்குள் எல்லா இரகசியங்களின் சாவி! அந்தத் திட்டத்தின் பெயர் ‘செடெக் அஸ்ட்ரானமி’. அது ஏதோ வானியல் நிறுவனத்தின் பெயர் போல் ஒலிக்கிறது. சொற்கட்டை விளையாட்டான ஸ்க்ராபிளின் எழுத்துகளை மேசையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்கும்போதுதான் அதன் பதினான்கு ஆங்கில எழுத்துகளும் ‘டூ மெனி சீக்ரெட்ஸ்’ என்று, அதாவது ‘அளவுக்கு மீறிய இரகசியங்கள்’ என்று, இடம் மாறி அமர்கின்றன. உலகிலேயே வலிமையான கணினிக் கருவியின் புதிர் ஒரு குடும்ப விளையாட்டின் மரக்கட்டைகளால் அவிழ்கிறது.

அடுத்தது, கட்டடத்துக்குள் நுழையும் காட்சி. வாயிற்காவலரிடம் இளையவன் ஒரு பார்சலைக் கொண்டுவந்ததாகச் சொல்லி விடாமல் வாதாடிக்கொண்டிருக்கிறான். அதே நேரத்தில் ரெட்ஃபோர்ட் இரண்டு கைகளிலும் கேக்கும் பலூன்களுமாக வந்து, மாடியில் நடக்கும் விருந்துக்குத் தாமதமாகிவிட்டது என்று தவிக்கிறார். பிறகு பொறுமை இழந்து, கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தச் சொல்லி ஓர் அதட்டல். காவலரின் விரல் தானாகவே அழுத்திவிடுகிறது. இந்தக் காட்சியைப் பயன்வழியியல் வகுப்பில் அப்படியே போட்டுக் காட்டலாம். ஒருவர் குரலை உயர்த்திக் கட்டளையிடும்போது கேட்பவர் முதலில் கீழ்ப்படிந்துவிட்டு, ‘இவருக்குக் கட்டளையிடும் தகுதி உண்டா?’ என்னும் கேள்வியைப் பிறகே எழுப்புகிறார். இன்று ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லித் தொலைபேசியில் மிரட்டுபவர்கள் நம்பியிருப்பதும் இந்த இடைவெளியைத்தான்.

மூன்றாவது பூட்டு விஸ்லருடையது. கடத்தப்பட்ட பிஷப் காரின் பின்பெட்டிக்குள் அடைக்கப்பட்டுத் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோகப்படுகிறான். திரும்பி வந்தவனிடம் நண்பர்கள் இடத்தைக் கேட்கிறார்கள். அவன் எதையும் பார்க்கவில்லை. விஸ்லர் கேட்கும் கேள்வி வேறு: சாலை எப்படி ஒலித்தது? ஏதாவது பாலத்தைக் கடந்தீர்களா? பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கிய ஓசை எப்படி இருந்தது? இப்படியே நகரத்தின் வரைபடம் ஒலிகளிலிருந்து திரும்ப வரையப்படுகிறது. ஓரிடத்தில் பிஷப் தயங்கி, தான் ஒரு மதுவிருந்தின் இரைச்சலைக் கேட்டதாகச் சொல்கிறான். நடுவழியில் விருந்து ஏது? அது நீர்த்தேக்கத்தில் கூடியிருந்த வாத்துக் கூட்டத்தின் ஒலி.

ஒலியியல் படித்தவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு புன்னகை காத்திருக்கிறது. பல குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இடத்தில் ஒரு குரலை மட்டும் செவி எவ்வாறு பிரித்தெடுக்கிறது என்பதை 1953இல் காலின் செர்ரி ஆராய்ந்தார். அந்தச் சிக்கலுக்கு ‘மதுவிருந்துச் சிக்கல்’ என்றே பெயர். அது பேச்சறிவியலின் புகழ்பெற்ற உவமை. அந்த உவமையை எடுத்து, ‘அது விருந்தே இல்லை, பறவைகள்’ என்று சொல்லிவிடுகிறது படம்.

விஸ்லர் என்ற பெயருக்கும் ஒரு முன்கதை உண்டு. ஜோ எங்ரெசியா என்ற அமெரிக்கர் பிறவியிலேயே பார்வையற்றவர். கேட்ட சுருதியைத் துல்லியமாகத் திருப்பித் தரும் ஆற்றல் உடையவர். சிறுவனாக இருந்தபோதே ஒரு விந்தையைக் கண்டுபிடித்தார். தொலைபேசியில் ஒரு குறிப்பிட்ட சுருதியில் சீட்டியடித்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்தச் சுருதி 2600 ஹெர்ட்ஸ். அக்காலத் தொலைபேசி வலையமைப்பு, மனிதர் பேசும் அதே தடத்தில்தான் தன் கட்டளை ஒலிகளையும் அனுப்பிக்கொண்டிருந்தது. ‘இந்தத் தொலைதூரத் தடம் இப்போது வெறுமையாக இருக்கிறது’ என்று இயந்திரங்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் சொல் அந்த 2600 ஹெர்ட்ஸ். ஒரு சிறுவன் விளையாட்டாக அடித்த சீட்டியையும் ஓர் இயந்திரம் பொருள்பட அனுப்பிய கட்டளையையும் பிரித்தறிய வலையமைப்புக்கு வழியில்லை. ஒலி சரியாக இருந்தால் போதும். யார், எதற்காக, எந்தச் சூழலில் எழுப்பினார் என்பது கணக்கில் வராது. இந்தப் பலவீனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் நடுநாயகமான காட்சி இதே பலவீனத்தின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

காஸ்மோவின் அறைக்குப் போக, பக்கத்து அறைக்காரரான வெர்னர் பிராண்டிஸ் என்பவரின் கதவைத் திறக்க வேண்டும். அந்தக் கதவு குரலைக் கேட்டுத் திறக்கும் கதவு. அதன் முன் நின்று, ‘என் பெயர் வெர்னர் பிராண்டிஸ். என் குரலே என் கடவுச்சீட்டு. சரிபார்’ என்ற பொருளில் சில ஆங்கில வாக்கியங்களை அவர் சொல்ல வேண்டும். வெர்னராக ஸ்டீபன் டொபலாவ்ஸ்கி நடித்திருக்கிறார்: ஒழுங்கானவர், தனிமையானவர், பேசினால் கொஞ்சம் சலிப்பூட்டுபவர். அவருடைய குப்பையைக் கிளறி அவருடைய இயல்பை அறிந்துகொள்ளும் குழு, பிஷப்பின் முன்னாள் காதலி லிஸ்ஸைக் கணினி வழித் துணை தேடலில் வந்தவள் போல அவரோடு விருந்துண்ண அனுப்புகிறது. லிஸ்ஸாக மேரி மெக்டானல். மறைத்து வைத்த ஒலிப்பதிவுக் கருவியோடு அவள் வேண்டிய சொற்களை ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து வரவழைக்கிறாள். பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது. ‘கடவுச்சீட்டு’ என்ற சொல் இயல்பான பேச்சில் எப்படி வரும்? அந்தச் சொல் தனக்கு மிகவும் பிடிக்கும் என்கிறாள்; அவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருப்பதாகச் சொல்கிறாள். அவரும் சொல்கிறார், பாவம்.

பின்னர் அந்தச் சொற்களை வெட்டி ஒட்டிய நாடா கதவின் முன் ஒலிக்கிறது. ஒரு சொல் மகிழ்ச்சியில், அடுத்தது குழப்பத்தில், மூன்றாவது கேள்வியின் ஏற்றத்தில். ஒலியியல் நோக்கில் அது படுமோசமான வாக்கியம். இயல்பான பேச்சில் ஒவ்வோர் ஒலியும் தன் அண்டை ஒலியின் சாயலை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. அறிவிப்பு வாக்கியங்களில் குரலின் சுருதி தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கி மெல்லச் சரிகிறது. ஒட்டுநாடாவில் இந்த இரண்டுமே இல்லை. மனிதச் செவி உடனே சிரித்துவிடும், பார்வையாளர்களும் சிரிக்கிறோம். கதவு சிரிப்பதில்லை. திறந்துவிடுகிறது.

அந்தச் சிரிப்பின் காரணத்தை நெடுநாள் யோசித்திருக்கிறேன். தத்துவத்தில் ஒரு சொல்லைப் பயன்படுத்துவதற்கும் அதைச் சுட்டிச் சொல்வதற்கும் இடையே ஒரு வேறுபாடு காட்டுவார்கள். ‘மழை பெய்கிறது’ என்று நான் சொன்னால் மழையைப் பற்றி உறுதி கூறுகிறேன். ‘மழை என்பது இரண்டு எழுத்துச் சொல்’ என்றால் மழைக்கும் எனக்கும் எந்த உடன்பாடும் இல்லை. தமிழ் இந்த வேறுபாட்டுக்கு ‘என்று’ என்ற தனிச் சொல்லையே வைத்திருக்கிறது. ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்னும்போது வருபவன் நான் அல்லன் என்பதற்கு அந்தச் சிறு சொல்லே காவல். ஆங்கிலம் மேற்கோள்குறியை நம்பியிருக்கிறது; பேச்சில் அந்தக் குறி ஒலிப்பதில்லை.

விருந்து மேசையில் வெர்னர் ‘கடவுச்சீட்டு’ என்ற சொல்லைச் சொன்னபோது எதற்கும் உறுதி கூறவில்லை. எதிரில் இருந்த பெண்ணின் விருப்பத்துக்காக ஒரு சொல்லை ஒலித்துக் காட்டினார், அவ்வளவுதான். அது முழுக்க முழுக்க ‘என்று’ ஒட்டிய சொல். திருடர்கள் நாடாவிலிருந்து வெட்டி எறிந்தது அந்த ‘என்று’வைத்தான். அது போன பிறகு, ஒலித்துக் காட்டப்பட்ட சொல் உறுதிமொழியாக மாறிவிடுகிறது. 1955இல் ஹார்வர்டில் ஆஸ்டின் நிகழ்த்திய உரைகளைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். சில வாக்கியங்கள் செய்தியைத் தெரிவிப்பதில்லை, செயலையே செய்கின்றன. அவை நிறைவேற, உரியவர் உரிய சூழலில் மனமறிந்து சொல்ல வேண்டும். நாடகத்தில் நடிகர் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது. ஆனால் கதவுக்கு நாடகம் தெரியாது. 2600 ஹெர்ட்ஸ் சீட்டியைக் கட்டளையாக எடுத்துக்கொண்ட தொலைபேசி வலையமைப்பின் உடன்பிறப்பு அது.

இதைத் திரைப்பட வேடிக்கையாகவே விட்டுவிடலாம்தான். ஆயினும் குரல் என்பது வாக்கா, உடலா என்ற கேள்வியை நம் நாட்டு நீதிமன்றங்களும் எதிர்கொண்டிருக்கின்றன. அரசமைப்பின் 20(3)ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகவே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, கைரேகையோ கையெழுத்து மாதிரியோ தருவது ‘சாட்சியாதல்’ ஆகாது என்று முடிவு செய்தது. அவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பொருள்கள். தம் அறிவிலிருந்து ஒருவர் தரும் கூற்றுகள் அல்ல. குரலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்ற கேள்வி ரித்தேஷ் சின்ஹா வழக்கில் எழுந்தது. 2012இல் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தார்கள்; மூவர் அமர்வு 2019 ஆகஸ்டில் விடை தந்தது. குரல் மாதிரி தரும்படி நீதித்துறை நடுவர் ஆணையிடலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 349ஆம் பிரிவில் குரல் மாதிரி வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது.

சட்டத்தின் தருக்கம் தெளிவானது. காவல்துறையின் ஒலிப்பதிவுக் கருவி முன் ஒருவர் கொடுக்கப்பட்ட சொற்களைப் படிக்கும்போது, அந்தச் சொற்களின் பொருளுக்கு அவர் பொறுப்பல்லர். அங்கே குரல் வெறும் உடல், கைரேகை போன்றது. கதவின் தருக்கம் நேர் எதிரானது. அதற்குக் குரல்தான் சாட்சி: ‘நான் இங்கே நிற்கிறேன், திறக்கச் சொல்கிறேன்’ என்று மனமறிந்து சொல்லும் வாக்கு. நீதிமன்றத்தில் உடலாகவும் வங்கியின் தொலைபேசிச் சேவையில் வாக்காகவும் ஒரே குரலை நடத்துகிறோம். ஒன்றாகக் கொடுத்ததை மற்றொன்றாக மாற்றிவிட முடியும் என்பதே வெர்னரின் கதை.

குரலைக் கைரேகைக்கு ஒப்பிடுவதும் ஒலியியலாளர்களுக்கு உறுத்தலான செய்தி. 1962இல் லாரன்ஸ் கெர்ஸ்டா ‘நேச்சர்’ இதழில் ‘குரல்ரேகை’ என்ற கருத்தை முன்வைத்தபோது அது பெரும் நம்பிக்கையை எழுப்பியது. 1979இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழுவொன்று அந்த நம்பிக்கையை ஆராய்ந்து, மிகுந்த எச்சரிக்கை தேவை என்றது. விரலின் கோடுகள் நம் மனநிலைக்கேற்ப மாறுவதில்லை. குரல் சளியிலும் அழுகையிலும் மாறும். எதிரே இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தும் மாறும். அம்மாவிடம் பேசும் என் குரலும் நெறியாளரிடம் பேசும் என் குரலும் ஒன்றல்ல என்று விடுதித் தோழிகள் சாட்சி சொல்வார்கள்.

இந்தக் கேள்வியை இவ்வளவு கூர்மையாக எனக்குக் காட்டியவர் தத்துவவாதியோ வழக்கறிஞரோ அல்லர். முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பங்களின் பேச்சைப் பதிவுசெய்துவருகிறேன். நெட்டுயிர், குற்றுயிர் அளவுகள்தான் என் பொருள். 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை அதில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து என் சொற்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லையும் ‘நான் … என்று சொன்னேன்’ என்னும் ஒரே சட்டகத்துக்குள் வைத்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். அளவிடும் சொல்லுக்கு ஒரே மாதிரியான அண்டை ஒலிகள் கிடைக்கும். பாதிப் பட்டியலில் அவர் நிறுத்திவிட்டார்.

“ஏம்மா, இதுல ‘வீடு’ இருக்கு, ‘கடன்’ இருக்கு, ‘கொடு’ இருக்கு. ‘நான்’னும் ‘சொன்னேன்’னும் வரிக்கு வரி வருது. இதையெல்லாம் வெட்டி ஒட்டினா என் வீட்டையே எழுதி வாங்கிடலாமே?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

பெயரை எங்கும் குறிக்க மாட்டேன், பதிவுக்கு ஓர் எண் மட்டும்தான் இருக்கும் என்றேன்.

“பேரு இல்லைன்னா என்னம்மா? குரலு இருக்கே” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மீதிச் சொற்களையும் படித்து முடித்தார். தேநீர் குடிக்காமல் போகக் கூடாது என்று வற்புறுத்தவும் செய்தார்.

‘ஸ்னீக்கர்ஸ்’ படத்தை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதன் நடுக்காட்சியை ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டார். என் சட்டக வாக்கியத்தில் ‘என்று’ இருக்கிறது. அவர் எதையும் உறுதி கூறவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் ஒலிக்கோப்பில் அது வெறும் கால் விநாடி நீளமுள்ள ஒரு துண்டு. வெட்டுவது யாருக்கும் எளிது.

1992இல் அதை வெட்டி ஒட்ட ஒரு குழு, ஒரு விருந்து, மறைத்துவைத்த கருவி, லிஸ்ஸின் பொறுமை எல்லாம் தேவைப்பட்டன. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய ‘வால்-ஈ’ என்னும் மாதிரிக்கு மூன்று விநாடிக் குரல் போதும். அதை வைத்து அந்தக் குரலில் எந்த வாக்கியத்தையும் பேசச் செய்துவிடும். சொற்களை வரவழைக்க வேண்டியதில்லை. ஒலிகளின் ஒட்டுதல், சுருதியின் சரிவு போன்ற என் குறைகளையெல்லாம் இன்றைய இயந்திரங்கள் பெருமளவு சரிசெய்துவிட்டன. போலிக் குரலைக் கண்டறியும் ஆய்வும் கூடவே வளர்கிறது. 2015இல் தொடங்கிய ‘ஏ.எஸ்.வி. ஸ்பூஃப்’ போட்டி வரிசையில் உலகெங்கும் ஆய்வுக்குழுக்கள் பங்கேற்கின்றன. பூட்டும் சாவியும் மாறி மாறி முன்னேறும் இந்த ஓட்டத்தில் எது வெல்லும் என்பது என் துறைக்கு வெளியே உள்ள கேள்வி. படம் சுட்டும் இடம் வேறு.

அதே கட்டடத்தில், அதே இரவில், இன்னொரு செவி விழித்திருக்கிறது. காஸ்மோவின் ஆட்களிடம் அகப்பட்ட லிஸ் ஏறக்குறையத் தப்பிவிடுகிறாள். அவளுடைய குரலில் பதற்றம் இல்லை. கோபம்கூட இயல்பாக இருக்கிறது. போகிற போக்கில், கணினி பார்த்துக் கொடுக்கும் துணையோடு வெளியே வருவது இதுவே கடைசி என்ற பொருளில் சலித்துக்கொள்கிறாள். காஸ்மோ அங்கேயே நிறுத்துகிறான். இவளையும் இந்த வெர்னரையும் எந்தக் கணினியாவது பொருத்தம் என்று சொல்லுமா? அந்த ஒரே கேள்வியில் திட்டம் குலைகிறது. இயந்திரம் குரலைக் கேட்டது, கூற்றைக் கேட்கவில்லை, ஏமாந்தது. காஸ்மோ கூற்றைக் கேட்டான். இவர் இதை ஏன் சொல்கிறார், இது நடக்கக்கூடியதா என்று யோசித்தான். தகவலை ஆள்பவனே உலகை ஆள்வான் என்று பேசும் அந்த மனிதன், பெரிய பெட்டி எதையும் தொடாமல், சாதாரண உரையாடலில் நாம் அனைவரும் செய்யும் ஒன்றைச் செய்துதான் உண்மையைக் கண்டுபிடிக்கிறான். விஸ்லர் செய்ததும் அதுதான். ‘விருந்தின் இரைச்சல்’ என்ற கூற்றை அப்படியே ஏற்காமல், அந்த இடத்தில் அப்படி ஒலிக்கக்கூடியது எது என்று கேட்டார்.

எனவே, குரலைக் கதவாக்கிய பொறியாளர்களிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் தொழில்நுட்பக் குறை பற்றியதன்று. கேட்டல் என்பதன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு முழுப் பெயரையும் சூட்டிவிட்டார்கள் என்பதே. பேசுபவர் யார் என்று அறிவது அதில் ஒரு பாதி. அவர் இதை இப்போது மெய்யாகவே சொல்கிறாரா என்று அறிவது மறு பாதி. முதல் பாதியை இயந்திரம் எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் இரண்டாம் பாதி மீதமிருக்கும். தொலைபேசியில் பிள்ளையின் குரலில் யாரோ பணம் கேட்கும்போது, ‘இது என் மகன் குரல்தானே?’ என்று கேட்டுக்கொள்பவர் ஏமாறலாம். ‘என் மகன் இப்படிக் கேட்பானா?’ என்று கேட்டுக்கொள்பவருக்கு ஓரளவு வாய்ப்பு உண்டு.

இரண்டாவது மனத்தாங்கல் நம்மைப் பற்றியது. ஆய்வு மாணவர்களாகிய நம்மைப் பற்றியது. களப்பணிக்குப் போகிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். பெயரை அழித்துவிட்டால் அடையாளம் அழிந்துவிட்டது என்று எழுதுகிறோம். எழுத்துத் தரவில் அது ஓரளவு உண்மை. குரல் தரவில் அழிக்கப்பட்ட பெயருக்குக் கீழே அடையாளமே ஒலித்துக்கொண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வு, ஆவணக்காப்பு நோக்கங்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. சட்டம் விலக்கு தருவதாலேயே நம் பொறுப்பு கூடுகிறது என்று கருதுகிறேன். இப்போது என் படிவத்தில், எளிய தமிழில், மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன: இந்தப் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டலாமா? பொது ஆவணத்தில் வைக்கலாமா? பேச்சு இயந்திரங்களைப் பயிற்றுவிக்கத் தரலாமா? மூன்றுக்கும் தனித்தனியே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்லலாம். பின்னர் மனம் மாறினால் அழைக்க என் எண் இருக்கிறது. மூன்றாம் கேள்விக்கு ‘இல்லை’ என்பவர்கள் ஆய்வுக்கு எதிரானவர்கள் அல்லர். தம் சொல்லோடு ஒட்டிய ‘என்று’ பறிபோகக் கூடாது என்கிறார்கள்.

படத்தின் முடிவில் குழுவினர் ஒவ்வொருவரும் அரசிடம் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுகிறார்கள். ஒருவருக்கு வீட்டு வசதியுள்ள வண்டி, ஒருவருக்கு மனைவியோடு வெளிநாட்டுப் பயணம், இளையவனுக்கு ஓர் இளம்பெண்ணின் தொலைபேசி எண். விஸ்லர் உலக அமைதியும் மனிதரிடையே நல்லெண்ணமும் கேட்கிறார். தாங்கள் அமெரிக்க அரசாங்கம் என்றும், அந்த மாதிரி வேலையெல்லாம் செய்வதில்லை என்றும் அதிகாரி பதறுகிறார். அந்தப் பதிலுக்கு நான் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறேன்.

வெர்னர் பிராண்டிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. கதையில் உண்மையாகவே ஒன்றைப் பறிகொடுத்தவர் அவர். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைத் திருடியவர்களை நாம் பெயர் பெயராக நினைவில் வைத்திருக்கிறோம். தனக்குப் பிடித்த சொல் என்று ஒரு பெண் சொன்னதற்காக அதை அன்போடு ஒலித்துக் காட்டிய மனிதரை, சலிப்பூட்டுபவர் என்று சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அடுத்த முறை படத்தைப் பார்க்கும்போது அந்த விருந்து மேசையில் கொஞ்சம் அவர் பக்கமாக உட்கார்ந்து பாருங்கள். படம் அப்போதும் குதூகலமாகவே இருக்கும். அதற்கு நான் உத்தரவாதம்.